அலாஸ்காவைக் காக்க வந்த அதிரடி நாயகன்: 'ஆன் டெட்லி கிரவுண்ட்'

ஹாலிவுட் அதிரடி நடிகர் ஸ்டீவன் சீகல் இதுவரை இயக்கிய ஒரே திரைப்படம், 1994 பிப்ரவரியில் வெளியான 'ஆன் டெட்லி கிரவுண்ட்'. அந்த ஆண்டின் மிக மோசமான இயக்குநர் என்ற கோல்டன் ராஸ்பெர்ரி பட்டத்தை அது அவருக்குப் பெற்றுத் தந்தது. பட்டம் தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று வாதாட நான் வரவில்லை. திரைக்கதை, நடிப்பு, காட்சிகளின் கோவை என எதை எடுத்துக்கொண்டாலும் இது மோசமான படம்தான். ஆனால் ஒரு நிமிடம்கூட அலுப்புத் தட்டாத மோசமான படம். எண்ணெய் நிறுவனங்கள் ஒரு நிலத்தையும் அதன் மக்களையும் என்ன செய்கின்றன என்பதைப் பற்றி உண்மையான கோபம் கொண்ட படம். கோடிக்கணக்கில் செலவழித்து வழுவழுப்பாக எடுக்கப்படும் எத்தனையோ அதிரடிப் படங்களில் இந்த இரண்டில் ஒன்றுகூட இருப்பதில்லை என்பதால், வெளியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இதைத் தேடிப் பார்க்கச் சொல்லிப் பரிந்துரைக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலாஸ்காவில் ஏஜிஸ் என்ற எண்ணெய் நிறுவனத்திற்காக, தீப்பற்றி எரியும் எண்ணெய்க் கிணறுகளை அணைத்துத் தரும் வல்லுநர் ஃபாரஸ்ட் டாஃப்ட்; அந்த நாயகன் வேடத்தில் சீகலே நடித்திருக்கிறார். நிறுவனத்தின் தலைவர் ஜென்னிங்ஸாக மைக்கேல் கெய்ன் நடித்திருக்கிறார். குறிப்பிட்ட நாளுக்குள் 'ஏஜிஸ்-1' நிலையம் இயங்கத் தொடங்காவிட்டால், அந்த நிலத்தின் எண்ணெய் உரிமை பூர்வகுடி மக்களிடமே திரும்பிவிடும். கெடு நெருங்குகிறது, கிணற்றின் பாதுகாப்புக் கருவிகளோ தரமற்றவை, சரியானவை வந்து சேரும்வரை காத்திருக்க ஜென்னிங்ஸ் தயாராக இல்லை. உண்மையைக் கண்டுபிடித்த நண்பர் கொல்லப்படுகிறார், டாஃப்டும் வெடிவிபத்தில் சிக்கவைக்கப்படுகிறார், பூர்வகுடித் தலைவர் சிலூக் அவரைக் காப்பாற்றுகிறார். பிறகு சிலூக்கின் மகள் மாஸூவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வெடிமருந்தோடு நிலையத்தை நோக்கிப் புறப்படுகிறார் டாஃப்ட். அதற்குப் பின் என்ன நடக்கும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால் படம் வேறாகத் தெரியும். அலாஸ்காவின் வடகோடியில் உள்ள புரூடோ விரிகுடாவில் 1968-இல் மாபெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை 800 மைல் நீளக் குழாய் போடப்பட்டு, 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அந்தத் துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு கிளம்பிய எக்ஸான் வால்டீஸ் கப்பல், 1989 மார்ச் 24 அன்று பிரின்ஸ் வில்லியம் கடற்பகுதியில் பிளை பாறைத்திட்டில் மோதியது. ஏறத்தாழ 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரிய குழம்பு 1,300 மைல் கடற்கரையில் படிந்தது. கடற்பறவைகள் மட்டும் இரண்டரை இலட்சம் இறந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. இந்தப் படம் திரைக்கு வந்தபோது அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. எக்ஸான் நிறுவனம் 500 கோடி டாலர் தண்டத்தொகை செலுத்த வேண்டுமென்று ஆங்கரேஜ் நகரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது அதே 1994-ஆம் ஆண்டின் செப்டம்பரில்தான். பதினான்கு ஆண்டுகள் இழுத்தடித்த மேல்முறையீடுகளுக்குப் பிறகு, 2008-இல், உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையைச் சுமார் 50 கோடியாகக் குறைத்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், ஜென்னிங்ஸ் போன்ற ஒரு பாத்திரத்தை மிகைப்படுத்தப்பட்ட கொடியவன் என்று தள்ளிவிட மனம் வராது.

கதையின் முடிச்சாக வரும் தரமற்ற கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கிணற்றைத் தோண்டும்போது பூமிக்கடியிலிருந்து எரிவாயுவும் எண்ணெயும் கட்டுக்கடங்காத அழுத்தத்தோடு பீறிட்டு வந்தால், கிணற்றின் வாயை இறுக மூடுவதற்காக அடுக்கடுக்கான வால்வுகள் கொண்ட கனத்த இரும்புக் கருவி ஒன்றைப் பொருத்துவார்கள். வேறு எதுவும் பலிக்காத நிலையில், அதனுள் இருக்கும் கத்திகள் குழாயையே வெட்டிக் கிணற்றை அடைத்துவிட வேண்டும். பாட்டும் அடிதடியும் எதிர்பார்த்து அரங்கிற்கு வரும் கூட்டத்திற்கான ஒரு படம், இப்படி ஒரு தொழில்நுட்ப விவரத்தை மையமாக வைத்துக்கொண்டதே எனக்கு வியப்பளிக்கிறது. படம் வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டபோது, வளைந்துபோன குழாயை வெட்ட முடியாமல் தோற்றது இதே வகைக் கருவிதான். அந்தக் கிணற்றிலிருந்து 87 நாட்கள் கடலுக்குள் எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. திரையரங்கில் கேலி செய்யப்பட்ட ஒரு கதையின் அச்சம் அவ்வளவு பெரிய அளவில் நடந்தே விட்டது.

இனி, பார்க்கக் கிடைக்கும் இன்பங்கள். முதல் காட்சியிலேயே எரிந்துகொண்டிருக்கும் கிணற்றை வெடி வைத்து அணைக்கிறார் டாஃப்ட். வெடிப்பு ஒரு கணம் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துத் தீயைத் துண்டித்துவிடும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் உண்மையான முறை. வளைகுடாப் போரின்போது குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்து, 1991 நவம்பரில்தான் முழுவதும் அணைக்கப்பட்டன என்பதால், அந்த வேலை செய்பவர்கள் மீது உலகமே அப்போது மதிப்பு வைத்திருந்தது. கருந்தோல் உடையும் நெருப்பின் செந்நிறமும் கலந்த இந்தத் தொடக்கம் உண்மையிலேயே நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. அதே வேகத்தில் படம் சென்றிருந்தால் நல்ல படமாகவே ஆகியிருக்கும்.

ஆனால் அடுத்து வருவது மதுக்கூடச் சண்டை. படத்தின் குறையும் நிறையும் ஒரே இடத்தில் பிணைந்து கிடப்பதைக் காண இந்த ஒரு காட்சி போதும். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் சிலர், குடிபோதையில் இருக்கும் பூர்வகுடி மனிதர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு இழிவுபடுத்துகிறார்கள். டாஃப்ட் தலையிடுகிறார்; கூட்டம் மொத்தமும் அவர் மீது பாய்கிறது; மேசைகளும் பற்களும் உடைகின்றன. இதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். எல்லோரும் தரையில் கிடக்க, அவர்களில் பெரிய உருவமுள்ள முரடனை மட்டும் நிறுத்தி வைத்து, ஒருவர் கையை மற்றவர் அடிக்க முயலும் கைத்தட்டு விளையாட்டுக்கு அழைக்கிறார் டாஃப்ட். அந்த ஆளோ ஒவ்வொரு முறையும் முகத்தில் குத்து வாங்குகிறான். இரத்தம் வழிய நிற்கும் அவனிடம், ஒரு மனிதனின் உள்ளியல்பை மாற்ற என்ன வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். காலம் வேண்டும், மாறுவதற்குத் தனக்குக் காலம் வேண்டும் என்று கண்கலங்கச் சொல்கிறான் அவன். தனக்கும் அப்படித்தான் என்கிறார் டாஃப்ட். ஒரு மனிதனை அடித்து நொறுக்கிய கையோடு அவனுக்கு ஆன்மிக விடுதலையும் தந்துவிட முடியும் என்று இந்தக் காட்சி நம்புகிறது. அந்த நம்பிக்கை சற்றும் பொருந்தாதது. ஆனாலும் எந்தத் தயக்கமும் இல்லாமல், எவர் சிரிப்பார்களோ என்ற கவலையும் இல்லாமல் அது எடுக்கப்பட்டிருப்பதால், பார்ப்பவர் வாயடைத்துப்போய், பிறகு மகிழ்ச்சியோடு திரும்ப ஓட்டிப் பார்ப்பார்.

துணை நடிகர்கள் படத்திற்குக் கிடைத்த வரம். கெய்ன், கறுஞ்சாயம் பூசிய தலைமுடியோடு, ஒவ்வொரு வசனத்தையும் கடித்துத் துப்புகிறார். தம் நிறுவனம் வனவிலங்குகளின் தோழன் என்று காட்டும் விளம்பரப் படத்தில் கேரிபூ மான்கள் சூழ நின்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, கேமரா நின்ற மறுகணம் அந்த மான்கள் மீதே எரிந்து விழுகிறார். நிறுவனங்கள் பூசிக்கொள்ளும் பச்சைச் சாயத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறு எந்த அதிரடிப் படத்திலும் எனக்கு நினைவில்லை. கூலிப்படைத் தலைவராக வரும் ஆர். லீ எர்மி, டாஃப்ட் யாரென்று தம் ஆட்களுக்கு விளக்கும் இடமோ இன்னும் சுவையானது. அந்த மனிதனை உள்ளாடை மட்டும் அணிவித்து, பல் துலக்கும் தூரிகைகூடக் கொடுக்காமல் ஆர்க்டிக் வட்டத்தில் இறக்கிவிட்டாலும், மறுநாள் பிற்பகலில் கை நிறையப் பணத்தோடு சிரித்தபடி உங்கள் வீட்டு நீச்சல் குளத்தருகே வந்து நிற்பான் என்கிறார். எர்மி நிஜ வாழ்க்கையில் கடற்படைக் காலாட்படையில் பயிற்சி கொடுத்தவர் என்பதால், இந்த அபத்தமான புகழுரைக்குக்கூட அவர் குரலில் ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. ஜான் சி. மெக்கின்லியும் அப்போது அதிகம் அறியப்படாத பில்லி பாப் தார்ன்டனும் அடியாட்களாக வந்து தங்கள் பங்கைக் குறையில்லாமல் செய்கிறார்கள். இத்தனை பேருக்கு நடுவே, முகத்தில் ஒரு தசையும் அசையாமல், முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டு நிற்பவர் நாயகன் ஒருவர்தான்.

படம் தடுமாறும் இடம் பூர்வகுடி மக்களின் கிராமம். வெறும் கேலிக்குரிய தடுமாற்றமாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. படம் முழுவதும் டாஃப்ட் அணியும் விளிம்பில் தோல் இழைகள் தொங்கும் மணிவேலைப்பாட்டுச் சட்டை, ஆர்க்டிக் மக்களின் மென்மயிர்த் தோலாடைகளைவிட, தெற்கே வெகுதொலைவில் புல்வெளிகளில் வாழும் மக்களின் உடை மரபையே நினைவூட்டுகிறது. அவர் காணும் கனவுத் தரிசனத்தில் கரடி வருகிறது, ஆடையற்ற இளம்பெண்கள் வருகிறார்கள், மூதாட்டி ஒருவர் வந்து அறிவுரை சொல்கிறார். அந்த மக்களின் நம்பிக்கைகளைக் கேட்டறிந்து எடுத்ததாக அதில் எதுவும் தோன்றவில்லை. மாஸூவாக நடித்திருப்பவர் ஷாங்காயில் பிறந்த ஜோன் சென். திறமையான அந்த நடிகைக்கு, குதிரையில் நாயகனைப் பின்தொடர்வதையும் அவர் ஆயுதங்களை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் தவிர, தன் சொந்த நிலத்தைப் பற்றிய கதையில் செய்ய ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்கப்படவில்லை.

மெய்யான வரலாறு இதைவிடச் சிக்கலானது, சுவையானதும்கூட. குழாய் போடுவதற்கு நில உரிமைக் கோரிக்கைகள் தடையாக நின்றதால், 1971-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலத்தையும் ஏறத்தாழ 96 கோடி டாலர் இழப்பீட்டையும் ஒதுக்கியது. அந்தச் சொத்துகளை ஆள, பூர்வகுடிகளையே பங்குதாரர்களாகக் கொண்ட நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் புரூடோ விரிகுடா உள்ள வடக்குச் சரிவுப் பகுதியைச் சேர்ந்த நிறுவனம் இன்று எண்ணெய்த் தொழிலிலேயே ஈடுபட்டிருக்கிறது. அப்பகுதியின் உள்ளாட்சி, எண்ணெய்க் கட்டமைப்புகள் மீது விதிக்கும் வரியைக்கொண்டுதான் பள்ளிகளை நடத்துகிறது. கேரிபூ மந்தைகளை நம்பி வாழும் குவிச்சின் மக்களோ ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில் எண்ணெய் எடுப்பதைப் பல பத்தாண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். 1982 முதல் அலாஸ்காவின் ஒவ்வொரு குடிமகனுக்கும் எண்ணெய் வருவாயில் சேர்ந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கப்படுகிறது. எண்ணெயை வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கும் இந்த மக்களில் ஒரே ஒரு குடும்பத்தைப் படம் காட்டியிருந்தால், டாஃப்ட் எதிர்கொள்ளும் கேள்வி வெடிமருந்தால் தீர்க்கக் கூடியதாக இருந்திருக்காது.

படத்தின் ஆகப் பெரிய முரணும் இங்கிருந்துதான் பிறக்கிறது. பனிநிலத்தை எண்ணெய்க் கசிவிலிருந்து காப்பதற்காக, எண்ணெய் நிலையம் ஒன்றையே தீப்பிழம்பாக்கி வானளாவக் கரும்புகை எழுப்புகிறார் நாயகன். எரிந்த எண்ணெயும் உருகிய இரும்பும் எங்கே போய்ச் சேரும், அந்தப் புகையை யார் சுவாசிப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கண்ணுக்கு அது பெரும் விருந்து என்பதை மறுக்கமாட்டேன். ஒளிப்பதிவாளர் ரிக் வெய்ட் பனிமலைகளுக்கு எதிரே அந்த நெருப்பைப் பதிவு செய்திருக்கும் விதமும், பேசில் போலிடோரிஸின் கம்பீரமான இசையும் உண்மையான கலைஞர்களின் வேலை. ஆனாலும் நிலத்தின் மீது அக்கறை கொண்ட ஒருவர் அதைப் பார்க்கும்போது மனம் நெருடத்தான் செய்யும்.

இப்போது, எல்லோரும் கேலி செய்யும் அந்த இறுதி உரை. எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, அலாஸ்காவின் தலைமைச் செயலகத்தில் கூடியிருக்கும் மக்கள் முன் நின்று, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் டாஃப்ட் உரையாற்றுகிறார். எண்ணெயில் ஊறிய பறவைகளும் கரும்புகையும் இடையிடையே காட்டப்படுகின்றன. சண்டையைப் பார்க்க வந்த அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு இது தாங்க முடியாததாக இருந்தது. படத்தைக் கெடுத்ததே இந்த உரைதான் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். நான் இதற்கு நேர்மாறாகவே நினைக்கிறேன். முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் படம் சொல்ல முயன்று, குண்டுச் சத்தத்தில் தொலைத்துவிட்ட செய்தியை, கடைசியில் நின்று நேராகச் சொல்கிறது. உடைமையையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் சட்டங்களைத் தங்களுக்கு ஏற்றபடி எழுதிக்கொள்கிறார்கள் என்பதும், மாசுபடுத்துபவனுக்குத் தண்டம் கட்டுவது தூய்மையாகத் தொழில் செய்வதைவிட மலிவாக இருக்கிறது என்பதும் 1994-இல் ஓர் அதிரடி நாயகன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லாத செய்திகள்.

உரையில் உள்ள எல்லாமே சரி என்று சொல்லவும் முடியாது. நீரால் ஓடும் இயந்திரம், காலகாலத்திற்கும் ஓடும் காந்த இயந்திரம், ஒரு கேலனில் நூற்றுக்கணக்கான மைல் ஓடவைக்கும் கார்புரேட்டர் ஆகியவற்றை எண்ணெய் நிறுவனங்கள் மறைத்து வைத்திருக்கின்றன என்று அவர் சொல்வது வெறும் வதந்தி. நீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள், அதிலிருந்து ஆற்றல் கிடைக்காது. காந்தம் ஒன்றுமில்லாததிலிருந்து இயக்கத்தை உண்டாக்காது. கடல்வாழ் மிதவை நுண்ணுயிர்கள் உலகின் ஆக்சிஜனில் 60 முதல் 90 விழுக்காடு வரை தருகின்றன என்பதும் மிகைதான். அறிவியலாளர்களின் மதிப்பீடு ஏறத்தாழப் பாதி. ஆயினும் அந்தப் பாதியே எவ்வளவு பெரியது! 1994-இல் ஊர்ப்புற அரங்குகளுக்குச் சண்டைப் படம் பார்க்கப் போன எத்தனை இளைஞர்களுக்கு, தாம் விடும் மூச்சுக்கும் கடலின் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் தொடர்பு உண்டென்று அதற்கு முன் யார் சொல்லியிருப்பார்கள்? அவர் குறிப்பிட்ட மின்சார வாகனம் இன்று நம் தெருக்களில் ஓடுகிறது. தவறான பகுதிகளைத் திருத்தி ஓர் அறிவியல் ஆலோசகர் அந்த உரையைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தால், கேலிக்கு இடமே இருந்திருக்காது.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இந்தப் படம் அமெரிக்கர்களைவிட நன்றாகவே பிடிபடும் என்று நம்புகிறேன். நாயகன் எப்பேர்ப்பட்டவன் என்று வில்லனின் ஆளே மிரட்சியோடு பில்டப் கொடுப்பதும், அடிவாங்கியவன் திருந்துவதும், கடைசியில் நீதிமன்றத்திலோ செய்தியாளர்கள் முன்னிலையிலோ நாயகன் புள்ளிவிவரங்களோடு நாட்டு நடப்பை எடுத்துச் சொல்வதும் நம் வணிகப் படங்களில் நாம் கைதட்டி வரவேற்றுப் பழகியவை. விவசாயம், நீர், மருத்துவம் என்று கருத்துச் சொல்லாத மாஸ் படம் இப்போது குறைவு. ஆகவே இறுதி உரை தொடங்கும்போது நாம் நெளியமாட்டோம். சொல்வதில் சரக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அந்தப் பார்வை இந்தப் படத்திற்கு நியாயம் செய்யும் பார்வை.

ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்க அரங்குகளில் 4 கோடியைக்கூட எட்டாததால், சீகலுக்கு மீண்டும் ஒரு படத்தை இயக்கும் வாய்ப்பு வரவே இல்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அனுபவமுள்ள ஒரு திரைக்கதை ஆசிரியரும், மறுத்துப் பேசத் துணிந்த ஒரு தயாரிப்பாளரும் பக்கத்தில் இருந்திருந்தால், இதே அக்கறையோடு அவர் அடுத்த படத்தை இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடும்.

ஒன்றே முக்கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் படம் இது. தனியாகப் பார்ப்பதைவிட, சேர்ந்து பேசிச் சிரிக்க நான்கைந்து நண்பர்கள் இருக்கும் வார இறுதி இரவுக்குப் பொருத்தமானது. குழந்தைகளோடு பார்க்க ஏற்றதன்று: நண்பரைச் சித்திரவதை செய்யும் காட்சி தேவைக்கு மேல் கொடூரமானது, கனவுக் காட்சியின் நிர்வாணமும் அவசியமற்றது. வசனங்களில் பாதி முணுமுணுப்பு என்பதால் துணைத்தலைப்பு உள்ள பதிப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். நிலையம் வெடித்து, ஜென்னிங்ஸ் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து மாண்டவுடன் படம் முடிந்துவிட்டதென்று அணைத்துவிடாமல், இறுதி உரையையும் முழுதாகக் கேளுங்கள்.